கைதி தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியுமா: குடிநோய், இறைநம்பிக்கை, சொந்த முயற்சி பற்றி யூத நூல்கள்

கேள்வி, 16 பிப்ரவரி 2025 (வாசகர் ஒருவர்)

குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன்னால் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. யூத மதமோ, தன் செயலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதனுக்கு முழுமையாக உண்டு என்கிறது. அப்படியானால் அந்தக் கூட்டங்களுக்குப் போகும் யூதர் ஒன்று தம் மதத்தைக் கைவிடுகிறார், அல்லது படிகளை வாயளவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடவுள் வந்து குடியை எடுத்துப்போடுவார் என்று காத்திருப்பது சோம்பலுக்குப் பூசிய திருநீறு என்பதே என் கருத்து. மன உறுதி உள்ளவன் விடுகிறான், இல்லாதவன் விடுவதில்லை. மறுப்பவர்கள் நூலாதாரத்தோடு மறுக்கவும்.

17 பிப்ரவரி 2025

மறுக்கிறேன். ஆதாரமும் தருகிறேன். ஆனால் நான் யார் என்று தெரிந்தால்தான் இதில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு பட்டறிவு என்று நீங்கள் எடைபோட முடியும். நான் யூதன் அல்லன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு வந்து, அங்கே குடித்து அழிந்து, அங்கேயே எழுந்தவன். யூதர்கள் தலைமுறைகளாக வாழும் ஸ்குவிரல் ஹில் பகுதியில் குடியிருக்கிறேன். எனக்கு ஸ்பான்சராக, அதாவது படிகளில் முன்னே நடந்து வழிகாட்டுபவராக வாய்த்தவர் ஓய்வுபெற்ற கணக்காளரான ஒரு யூதப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் படிகளைப் படிக்க உட்காருவோம்; பாதி நாள் அது, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழந்தொகுப்பான தல்மூதில் போய் முடியும்.

அவர் எனக்கு முதலில் காட்டியது தல்மூதின் பெராகோத் பகுதியின் 5ஆம் ஏட்டில் உள்ள ஒரு சிறு நிகழ்ச்சி. ரபி, அதாவது யூத மத ஆசான், ஹியா பார் அப்பா நோயுற்றுக் கிடக்கிறார். ரபி யோகனான் அவரைப் பார்க்கப் போய், இந்தத் துன்பங்கள் உனக்கு விருப்பமானவையா என்று கேட்கிறார். அவையும் வேண்டாம், அவற்றுக்கான பலனும் வேண்டாம் என்கிறார் நோயாளி. கையைக் கொடு என்கிறார் யோகனான். கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார். பிறகு யோகனானே நோயில் விழுகிறார். ரபி ஹனினா வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, அதே போலக் கையைப் பிடித்து எழுப்புகிறார். அங்கே தல்மூத் நின்று கேட்கிறது: பிறரை எழுப்பத் தெரிந்த யோகனான் தன்னைத் தானே எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாதா? கைதி தன்னைச் சிறையிலிருந்து விடுவித்துக்கொள்வதில்லை என்பது அதற்குக் கிடைக்கும் பதில்.

கவனியுங்கள், யோகனான் சோம்பேறி அல்லர், நம்பிக்கையில் குறைந்தவரும் அல்லர். அவருடைய ஆற்றல் மெய்யானது. அது மற்றவரிடத்தில் வேலை செய்தது, தன்னிடத்தில் செய்யவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் மிகக் கடுமையான உழைப்பாளி என்று பெயரெடுத்திருந்த நான், இரவு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஒரு புட்டியின் முன்னால் என்ன ஆனேன் என்று யோசிக்கையில், உறுதி என்ற சரக்கு என்னிடம் தீர்ந்துபோயிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் தெரியவில்லை.

17 பிப்ரவரி 2025, இரவு

அது உடல் நோயைப் பற்றியது, ஒழுக்கத்தைப் பற்றியது அன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான எதிர்ப்பு. சரி, ஒழுக்கத்தைப் பற்றியே பேசும் இடத்துக்குப் போவோம். கிதுஷின் பகுதியின் 30ஆம் ஏடு, மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டம் நாள்தோறும் புதிதாகிறது என்றும், நாள்தோறும் வலுத்து அவனைக் கொல்லத் தேடுகிறது என்றும், இறைவன் துணை நிற்காவிட்டால் அவனால் அதை வெல்ல இயலாது என்றும் சொல்கிறது. அதே ஏடு, அந்த இழிந்தவன் உன்னை வழியில் சந்தித்தால் அவனைக் கல்விக்கூடத்துக்கு இழுத்துப் போ என்றும் சொல்கிறது. இழுத்துப் போவது மனிதனின் வேலை. வெல்வதில் இறைவன் துணை வேண்டும். இரண்டையும் அருகருகே எழுதி வைத்தவர்களுக்கு அதில் முரண்பாடு இருப்பதாகப் படவில்லை.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் வானத்தின் கையில் இருக்கிறது, வானத்துக்கு அஞ்சுவதைத் தவிர என்ற ரபி ஹனினாவின் கூற்று பெராகோத் 33ஆம் ஏட்டில் இருக்கிறது. யோகனானின் கையைப் பிடித்து எழுப்பியவரின் பெயரும் அதே ஹனினாதான் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

21 பிப்ரவரி 2025

இதற்கிடையில் இன்னொருவர், இந்த அமைப்பே கிறிஸ்தவச் சரக்கு, யூதர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். பிறப்பைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்துதான் பாவ அறிக்கை, பரிகாரம், பிறருக்குத் தொண்டு என்ற அடிப்படைகள் வந்தன. கூட்டங்களில் பெரும்பாலானவை தேவாலயங்களின் நிலவறைகளில் நடக்கின்றன. சில இடங்களில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடிப்பார்கள். ஆசாரமான யூதர் ஒருவருக்குத் தேவாலய வளாகத்துக்குள் கால் வைப்பதே கேள்விக்குரியது என்பதால், நான் ஞாயிறு பள்ளிக்குப் போகிறவன் போலச் சாதாரணமாக இறங்கிய படிக்கட்டில் என் பெரியவர் தமது ரபியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

ஆனால் தொடக்கத்தில் உண்மையில் நடந்ததைப் பாருங்கள். 1935 மே மாதம், இந்த அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத்தரகர் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ஒரு வணிக முயற்சி கைகூடாமல், விடுதியின் முன்கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன அவர், பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும் என்று கேட்டுத் தொலைபேசியைச் சுழற்றினார். அந்த அழைப்பு மருத்துவர் பாப் ஸ்மித்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மருத்துவர் ஜூன் 10 அன்று கடைசியாகக் குடித்தார்; அந்த நாளையே அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். வில்சன் அந்த மாலையில் பாப் ஸ்மித்தைக் காப்பாற்றப் புறப்படவில்லை, தான் குடிக்காமல் இருக்கப் புறப்பட்டார். யோகனானும் ஹனினாவும் செய்துகொண்டதை, அந்த ஏட்டை ஒருபோதும் திறந்திராத இருவர் செய்துகொண்டார்கள்.

யூதர்களின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே, குடிகாரன் என்றால் அவன் யூதன் அல்லாதவன் என்றொரு பழம்பேச்சு உண்டு. பெருமையாகச் சொல்லப்பட்ட அந்தப் பேச்சு, குடித்தவர்களை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தது. ஊருக்கு ஒரு குடிகாரன் என்று வெளிப்படையாகப் புலம்பும் சமூகத்தில் பிறந்த எனக்கு, ஒரு சமூகமே அப்படி யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது புதுமையாக இருந்தது.

அதை உடைத்தவர்களுள் ஒருவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் எனக்கொரு சிறு பெருமை. ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் ரபிகள் வழிவந்த ஆபிரகாம் ட்வெர்ஸ்கி, 1930இல் மில்வாக்கியில் பிறந்து, முதலில் ரபியாகப் பணிபுரிந்து, பிறகு மனநல மருத்துவரானவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஃபிரான்சிஸ் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீண்ட தாடியோடும் கறுப்பு மேலங்கியோடும் தலைமை தாங்கினார். 1972இல் பிட்ஸ்பர்க் அருகே கேட்வே என்ற மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு படிகளில் யூத நெறிக்கு மாறானது எதுவும் இல்லை என்பதைப் பல நூல்களில் மீண்டும் மீண்டும் எழுதினார். 2021 ஜனவரி 31 அன்று கோவிட் நோயில் இறந்தார். மேற்கே லாஸ் ஏஞ்சலிசில் ஹாரியட் ரொசெட்டோ 1987இல் தொடங்கிய பெயித் தெஷுவா இன்னொரு வகை: சிறையிலிருந்து வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஓய்வுநாள் வழிபாட்டையே சிகிச்சையின் நடுவில் வைத்த இல்லம் அது.

22 பிப்ரவரி 2025

சிறு திருத்தம், கூட்டங்கள் எல்லாமே பரமண்டல ஜெபத்தோடுதான் முடிகின்றன என்று ஒருவர் எழுதியதற்கு. அப்படி இல்லை. எதைச் சொல்லி முடிப்பது என்பதை அந்தந்தக் குழு தீர்மானிக்கிறது. ஜெப ஆலயங்களில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. அங்கே காபி மோசம், ரொட்டி பிரமாதம்.

27 பிப்ரவரி 2025

கேள்வி கேட்டவர் தாமே ஒரு கதையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அவர் தரப்புக்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. அவோதா சாரா பகுதியின் 17ஆம் ஏட்டில் வரும் எலியாசர் பென் துர்தயாவின் கதை. அவன் அணுகாத விலைமகள் உலகில் இல்லை என்பார்கள். கடலோர நகர் ஒன்றில் ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு, பணப்பையோடு ஏழு ஆறுகளைக் கடந்து போகிறான். அவள் அவனிடம், இந்த எலியாசர் மனந்திரும்பினாலும் ஏற்கப்பட மாட்டான் என்கிறாள். அவன் போய் இரு மலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மலைகளே குன்றுகளே எனக்காக இரக்கம் கேளுங்கள் என்கிறான். உனக்காகக் கேட்குமுன் எங்களுக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது என்கின்றன அவை. வானமும் பூமியும் அதையே சொல்கின்றன, ஞாயிறும் திங்களும் சொல்கின்றன, விண்மீன்களும் சொல்கின்றன. அப்போது அவன், இந்தக் காரியம் என்னையன்றி வேறு எதனாலும் ஆவதில்லை என்று சொல்லி, தலையை முழங்கால்களுக்கு இடையில் வைத்து, உயிர் பிரியும்வரை அழுகிறான். ரபி எலியாசர் பென் துர்தயா வரவிருக்கும் உலக வாழ்வுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது.

என்னையன்றி வேறு எதனாலும் இல்லை என்பதே யூத மதத்தின் தீர்ப்பு, கைதிக் கதை வெறும் ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அவன் யாரிடமெல்லாம் போனான் என்று பாருங்கள். மலை குடித்ததில்லை, நிலா எந்தப் பெண்ணையும் தேடி ஆற்றைக் கடந்ததில்லை. அவற்றிடம் அவன் கேட்டதும் துணையை அல்ல, தனக்குப் பதிலாக வேண்டுமாறு கேட்டான். ஹியா பார் அப்பா கையைக் கொடுத்தார். எலியாசர் வக்காலத்தைக் கொடுக்கப் பார்த்தான். எனக்காக ஜெபியுங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மாலையில் அதே தெருவில் திரும்பும் ஆளை நான் நன்கறிவேன். பல ஆண்டுகள் அவனோடு ஒரே சட்டையில் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர் உபவாசக் கூட்டங்களில், நொடியில் குடி பறந்துபோனது என்று சாட்சி சொல்லும் அண்ணன்மார்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சாட்சிகளில் சில உண்மையாகவும் இருந்தன. ஆனால் எனக்கும் அந்த நொடி வரும் என்று உட்கார்ந்திருந்ததுதான் என் பக்தியின் முழு உருவமாக இருந்தது, நீங்கள் சொன்ன திருநீறு மாதிரியே.

2 மார்ச் 2025

எலியாசரைப் பற்றி எழுதியதை நேற்று மறுபடி யோசித்தேன். ஒன்று விட்டுப்போயிற்று: அவன் இறந்துவிடுகிறான். அழுகை முடியும்போது உயிரும் முடிகிறது. குடிநோயாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. அழுது முடித்த மறுநாள் எழுந்து, பல் துலக்கி, கடைத்தெரு வழியாக வேலைக்குப் போக வேண்டும். தல்மூதும் இந்த இறப்பை லேசாக விட்டுவிடவில்லை. சமயத் துரோகத்திலிருந்து திரும்பியவர்கள்தானே இறந்துவிடுவார்கள், இவனுடைய பாவம் அது இல்லையே என்று கேட்டு, அவன் அதில் அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதுவும் சமயத் துரோகம் போலவே ஆகிவிட்டது என்று விடை சொல்கிறது. மது என் நோய்தான், ஆனால் அதுவே என் வழிபாடாகவும் இருந்தது என்று கூட்டங்களில் சொல்பவர்கள் இந்த இடத்தைப் படித்தால் திடுக்கிடுவார்கள்.

எலியாசரின் முடிவைக் கேட்ட ரபி யெகுதா ஹனாசி அழுதார் என்கிறது கதை. சிலர் பல ஆண்டுகளில் அடையும் உலகைச் சிலர் ஒரு மணிநேரத்தில் அடைந்துவிடுகிறார்கள் என்றார். மனந்திரும்புகிறவர்களை ஏற்பது மட்டுமில்லை, அவர்களை ரபி என்றும் அழைக்கிறார்கள் என்றார். அவர் ஏன் அழுதார் என்பதற்கு என் பெரியவர் தரும் காரணம், மலைகளுக்கு நடுவே அவனருகில் உட்கார ஒரு மனிதன்கூட இல்லாமல் போயிற்றே என்பது. உரையாசிரியர்கள் இதை ஒப்ப மாட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

9 மார்ச் 2025

முயற்சி எங்கே செலவாக வேண்டும் என்று கேட்டவருக்கு. யூத நூல்களில் பித்தஹோன் என்ற இறைநம்பிக்கையும் ஹிஷ்தத்லூத் என்ற மனித முயற்சியும் நூற்றாண்டுகளாக ஒன்றாகவே விவாதிக்கப்படுகின்றன. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்ன் பகுதா, மனிதன் வழிவகைகளில் ஈடுபடவே வேண்டும், ஆனால் நம்பிக்கையை வழிவகைகளின் மேல் வைக்கலாகாது என்கிறார். இறைவன் விதித்த நாளுக்குமுன் சாக மாட்டேன் என்று சொல்லி நஞ்சைக் குடிப்பவனை அவர் நம்பிக்கையாளன் என்று ஏற்பதில்லை. மதுக்கூடத்தில் எலுமிச்சைச் சாறு மட்டும் குடிக்கப் போகிறேன், கடவுள் காப்பார் என்று கிளம்பும் ஆள்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

இன்னும் நுட்பமானது ரபி எலியாஹு டெஸ்லர் சொன்னது. 1953இல் காலமான இவர் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டிலும் பிறகு இஸ்ரேலின் பினெய் பிராக்கிலும் கற்பித்தவர். மனிதனின் தெரிவுரிமை அவன் வாழ்வு முழுவதும் ஒரே சீராகப் பரவிக் கிடக்கவில்லை, அது ஒரு போர்முனையில்தான் நடக்கிறது என்றார். முனைக்கு அப்பால் உள்ளது ஏற்கெனவே எதிரியின் நிலம். இப்பால் உள்ளது ஏற்கெனவே நம் நிலம். இரண்டிலும் மெய்யான தேர்வு நடப்பதில்லை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் புகைபிடிப்பவர்: இரவில் நெஞ்சு வலித்து, இனித் தொட மாட்டேன் என்று முடிவெடுத்து, விடிந்ததும் ஒன்றே ஒன்று என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவர்.

முதல் படியை நான் இந்தக் கணக்கில்தான் புரிந்துகொண்டேன். ஊற்றிய கோப்பை என் கையில் இருக்கும்போது எனக்குத் தேர்வு இல்லை, அங்கே நான் சக்தியற்றவன்; இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு, வாயில் அந்தப் பழைய வறட்சி தொடங்கும்போது, பெரியவரைத் தொலைபேசியில் அழைப்பதா வேண்டாமா என்பதில் எனக்குத் தேர்வு இருந்தது. அந்தத் தொலைபேசி சில நாள் ஒரு மலையைப் போலக் கனத்தது. என் முயற்சி முழுவதும் அங்கே தேவைப்பட்டது, கோப்பையின் அருகில் அல்ல. தெரிவுரிமை இருக்கிறது என்ற உங்கள் கூற்றும், சக்தியற்றவர்கள் என்ற படியும் ஒரே நாளின் வெவ்வேறு மணிநேரங்களைப் பற்றிப் பேசுகின்றன.

ஓய்வுநாளில் தொலைபேசியைத் தொடாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். உயிரைக் காப்பது ஓய்வுநாளை விலக்கும் என்பது யூதச் சட்டத்தின் உறுதியான விதி. குடிநோயில் எந்த வேளை உயிராபத்து என்பதை நெருக்கடிக்கு முன்பே தம் ரபியிடமும் மருத்துவரிடமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தபின் தர்க்கிக்கத் தொடங்கினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞராக மதுவே வந்து நிற்கும்.

13 மார்ச் 2025

யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானிடமிருந்து எஸ்தரும் மொர்தெகாயும் அவர்களைக் காத்ததைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை இன்று இரவு தொடங்குகிறது. எஸ்தரின் நூலை வாசிப்பதும், ஏழைகளுக்குக் கொடுப்பதும், நாளைய விருந்தில் குடிப்பதும் இந்தப் பண்டிகையின் கடமைகள். ஆமான் சபிக்கப்பட்டவன், மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்ற வேறுபாடு தெரியாமல் போகுமட்டும் குடிக்க வேண்டும் என்கிறது மெகில்லா பகுதியின் 7ஆம் ஏடு. குடிநோயிலிருந்து மீள்பவருக்கு ஆண்டிலேயே மோசமான நாள் இதுதான், ஏனென்றால் இன்று சோதனையே கட்டளையின் குரலில் பேசுகிறது.

ஆனால் அந்த வரிக்கு அடுத்தபடியாகத் தல்மூத் என்ன சொல்கிறது என்று பலர் நிதானிப்பதில்லை. ரப்பாவும் ரபி செய்ராவும் சேர்ந்து பூரிம் விருந்து உண்டார்கள். போதையேறி, ரப்பா எழுந்து செய்ராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் இரக்கம் வேண்டி மன்றாடினார். செய்ரா உயிர் பெற்றார். அடுத்த ஆண்டு ரப்பா மறுபடி வந்து, வாரும், சேர்ந்து விருந்துண்போம் என்று அழைத்தார். ஒவ்வொரு முறையும் அற்புதம் நடப்பதில்லை என்றார் செய்ரா.

அறுத்ததில் எனக்கு வியப்பில்லை, குடியில் என்னென்னவோ நடக்கும். அடுத்த ஆண்டும் கூச்சமின்றி அழைக்கப் போனாரே, அந்த இடத்தில்தான் என்னை நான் பார்த்தேன். செய்ராவின் பதிலில் நம்பிக்கைக் குறைவு ஒன்றுமில்லை. இறந்து எழுந்த ஆளைவிட அற்புதத்தை அறிந்தவர் யார்? அறிந்ததனால்தான் அதன்மேல் கணக்கு வைக்க மறுத்தார். விருந்தில் குடிப்பது பற்றிப் பின்வந்த சட்ட நூல்கள், வழக்கத்தைவிடச் சிறிது கூடக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால் போதும் என்று தளர்த்தியிருக்கின்றன. நோயாளிக்கு அதுவும் வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தானதைக் கடமையாகச் சட்டம் சுமத்துவதில்லை.

15 மார்ச் 2025

பூரிம் கழிந்தது. பெரியவர் வீட்டில் திராட்சைச் சாறு, மிக அதிகமான இனிப்பு, பொய்த்தாடியோடு ஒரு பேரன்.

ஆசை வரும்போது அது போகுமட்டும் ஜெபித்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறில்லை. ஆனால் செங்கடலின் முன்னால் மோசே ஜெபித்துக்கொண்டிருந்தபோது, என் அன்புக்குரியவர்கள் நீரில் மூழ்குகிறார்கள், நீ ஜெபத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாயா என்று இறைவன் கேட்டதாக ஸோத்தா பகுதியின் 37ஆம் ஏடு சொல்கிறது. அந்த நேரத்தில் முதலில் கடலுக்குள் இறங்கியிருந்தவன் அம்மினதாபின் மகன் நகசோன்.

20 மார்ச் 2025

12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிசைக் காட்டி ஒரு வலுவான கேள்வி வந்திருக்கிறது. மனந்திரும்புதல் பற்றிய சட்டங்களின் 2ஆம் அதிகாரத்தில், இனி ஒருபோதும் இந்தப் பாவத்துக்குத் திரும்ப மாட்டான் என்று மறைவானவற்றை அறிந்த இறைவனே சாட்சி சொல்லும் அளவுக்கு ஒருவன் உறுதி கொள்ள வேண்டும் என்கிறார். கூட்டத்திலோ, இன்று ஒருநாள் மட்டும் குடிக்காமல் இரு என்கிறார்கள். ஒருபோதும் என்பதும் இன்று மட்டும் என்பதும் எப்படிப் பொருந்தும்?

முழுக்கப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம், பொருத்திக் காட்டும் விளக்கங்கள் எனக்கு வழுக்கலாகவே படுகின்றன. ஆனால் நடைமுறையில் ஆசாரமான யூதர் எதையும் இனி ஒருபோதும் என்று வாயால் சொல்லத் தயங்குவார். செய்த பொருத்தனையை மீறுவது பெரும் குற்றம் என்பதால், நாளை வருகிறேன் என்று சொல்லும்போதுகூட, பொருத்தனை இல்லாமல் என்று சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். என் குடிநாள்களில் நான் எடுத்த சபதங்கள் எல்லாம் மிகப் பெரியவை, தாயின்மேல், பைபிளின்மேல். சபதம் எடுத்த அந்த நிம்மதியிலேயே ஒரு வாரம் ஓடிவிடும், அதன்பின் புட்டி திறக்கும். நெஞ்சில் ஒருபோதும் என்று இருக்கட்டும், வாயில் இன்று என்று இருக்கட்டும் என்பது பெரியவரின் ஏற்பாடு. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அதே சோதனை அதே வலிமையோடு மறுபடி வந்தபோது அச்சத்தாலோ தளர்ச்சியாலோ அன்றி விலகியவனே முழுமையாகத் திரும்பியவன் என்று மைமோனிடிஸ் வரையறுக்கிறார். இதைத் தேடிப் போய்ச் சோதித்துப் பார்க்கும் முட்டாள்தனத்தை யாரும் செய்துவிட வேண்டாம். கடைகள் தாமாகவே தெருவில் நிற்கின்றன.

பரிகாரப் படிகளைப் பற்றி விவாதமே இல்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாள் தீர்க்காது என்று தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது. எட்டாம் ஒன்பதாம் படிகள் யூதர்களுக்குச் சொந்த வீட்டுப் பாத்திரம் போல இருந்திருக்க வேண்டும். என் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசிய அந்த நீண்ட அழைப்பை இங்கே எழுத மனமில்லை.

28 மார்ச் 2025

மருந்து எடுப்பது நம்பிக்கைக் குறைவா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில், காயப்படுத்தியவன் குணமாக்கும் செலவைத் தர வேண்டும் என்று வருவதிலிருந்து, மருத்துவனுக்குக் குணமாக்கும் அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று தல்மூத் கொள்கிறது. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகவே முதல் நாள்களை மருத்துவர் கண்காணிப்பில் கழிப்பதே முறை. நால்ட்ரெக்சோன் ஆசையின் கூர்மையைக் குறைக்கிறது. டைசல்ஃபிரம் எடுப்பவர், ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் ஆசி சொல்லிக் குடிக்கும் கித்துஷ் கோப்பையிலிருந்து ஒரு வாய் ஒயின் குடித்தாலும் முகம் சிவந்து வாந்தியெடுக்க நேரலாம், அவர்களுக்குச் சாறுதான். மாத்திரையை விழுங்குவது மன உறுதி இல்லாதவர்களின் வழி என்று எழுதிய நண்பர், நீரிழிவுக்காரரிடமும் இதையே சொல்வாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

3 ஏப்ரல் 2025

நேற்று இழையில் வந்த ஒரு குறிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. ஜெபமும் முயற்சியும் சேர்ந்தால் கட்டாயம் விடுதலை உண்டு, கிடைக்காதவரிடம் இரண்டில் ஒன்று குறைந்திருக்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதியவற்றிலிருந்து அப்படிப் பொருள் வந்தால் அதை இப்போதே விலக்கிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் என்னைவிட அதிகமாகத் தொலைபேசியை எடுத்தவன், என்னைவிட உண்மையாக ஜெபித்தவன் ஒருவன் இருந்தான். அவன் இறந்துவிட்டான். அவன் தாய் ஏழு நாள் துக்கத்தில் தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, ஆறுதல் சொல்ல வந்தவர்கள், துக்கத்திலிருப்பவர் வாய் திறக்கும்வரை பேசக்கூடாது என்ற வழக்கப்படி, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழக்கம் இல்லாத ஊரில் பிறந்த எனக்கு அன்று அது மிகப் பெரிய கருணையாகத் தெரிந்தது. யாராவது ஒருவர் காரணம் சொல்லத் தொடங்கியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

ஹியா பார் அப்பாவிடம், உன்னிடம் என்ன குறை என்று யோகனான் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள்.

9 ஏப்ரல் 2025

பஸ்கா சனிக்கிழமை இரவு. அந்த விருந்தில் குடிக்க வேண்டிய நான்கு கோப்பை ஒயினைப் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் இதோடு எழுதிவிடுகிறேன். ஒரு திராட்சைக் குலையைப் பிழிந்து அதன்மேல் கித்துஷ் சொல்லலாம் என்று பாவா பத்ரா பகுதியின் 97ஆம் ஏடு சொல்வதால், திராட்சைச் சாறு ஏற்புடையது என்பதற்குப் பழைய அடிப்படை இருக்கிறது. பஸ்காவின் கோப்பைகளுக்கு ஒயினே சிறந்தது என்று சொல்லும் அதிகாரிகளும், நோயாளிக்கு அதை விதிப்பதில்லை. ஆகவே சட்டம் சிக்கலில்லை. மேசைதான் சிக்கல்: கதை நீளும், சாப்பாடு நள்ளிரவு ஆகும், பசி வரும், பக்கத்துக் கோப்பையின் மணம் வரும், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து நீயே வெளியேறியதாக நினைத்துக்கொள் என்று நூல் சொல்லும்போது கண்ணும் கலங்கும். நான் போகும் வீட்டில் மாலையிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேன். சாற்றை என் கையாலேயே ஊற்றிக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே நிறம், அன்பாக ஊற்றுகிறவர்கள் புட்டியைப் பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டவர், கடவுளை நம்பாத யூதர் என்ன செய்வார் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய உண்டு. மூன்றாம் படியில் கடவுள் என்ற சொல்லுக்குப் பின்னால், நாம் அவரைப் புரிந்துகொண்டபடி என்று அமைப்பின் 1939 நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தாம் புரிந்துகொண்டபடி கடவுள் இல்லை, ஆனால் வியாழக்கிழமைக் கூட்டம் இருக்கிறது என்பார், தவறாமல் வருவார், நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுத்தான் போவார். ஹனினாவின் கையைப் பிடிக்குமுன் யோகனானிடம் யாரும் விசுவாசப் பிரமாணம் கேட்கவில்லை. இரவு விருந்துக்கு அழைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ஏன் ஒயின் எடுக்கவில்லை என்று விருந்தினரைக் கேட்காதீர்கள், சாற்றுப் புட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்குங்கள்.